நெடுந்தீவுக்கு எத்தனையாவது இடம்?

பிள்ளைகள் பாடுகிற பாட்டுக்கும் நடிக்கிற நாடகத்துக்கும் மார்க் போட, தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டி ஓர் ஆளைக் கூப்பிடுவார்களா? கூப்பிட்டார்கள். எண்பத்து மூன்றாம் வருடம் சித்திரை மாதம், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று வருடா வருடம் நடக்கிற இளையோர் விழாவுக்கு பள்ளிக்கூட டீச்சரான நான் நடுவராகப் போனேன். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை உள்ள பிள்ளைகள், பங்குகள் என்கிற ஏழு கோயில் வட்டாரங்கள், மூன்று நாள். எங்கள் ஊரில் படித்துவிட்டுப் போன இளம் சாமியார் ஒருவர்தான் கடிதம் எழுதியிருந்தார். "கடற்கரைக் காற்று, நல்ல மீன், மூன்று நாள் இளைப்பாறலாம்" என்று ஆசை காட்டியிருந்தார். சாமியார்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கூட்டிப்போக வந்தவர் விழாவின் செயலாளர், அருளப்பு என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றார்கள். கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு, அவர்கள் பேச்சில் கொப்பி. அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"இஞ்ச ஆரை நடுவரா வைச்சாலும் அவர் ஆருக்கோ மச்சான், ஆருக்கோ சித்தப்பா" என்றார். "போன வருசம் யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு சிஸ்ரரைக் கொண்டு வந்தம். கடைசியிலை பாத்தா அவவின்ரை தாய்வழி கரம்பன் பங்கு. பிறகென்ன, மூண்டு மாசம் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கேல்லை. உங்களுக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லைத்தானே?"

"ஒருத்தரும் இல்லை, சார்."

"நல்லது" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். எனக்கு யாருமில்லை என்பதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

வாடகைக் கார் ஏ நாற்பது என்கிற பழைய மாடல். எனக்கு மூத்தது. என் பக்கத்துக் கதவுக்குப் பூட்டு கிடையாது, ஒரு துண்டு வலைக் கயிறுதான். அதை நான் கையில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டு பக்கமும் கடல் கிடக்க, நடுவே போகிற தெருவில், கதவைக் கட்டிப் பிடித்தபடி போனேன். வழியில் நயினாதீவுப் புத்த கோயிலுக்குப் போகிற தெற்கத்திச் சிங்கள யாத்திரிகர் பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய வயதான அம்மா ஒருத்தி எங்கள் காரை மறித்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். டிரைவர் பதில் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார்: "கடலிலை எவ்வளவு நேரம் போகவேணும் எண்டு கேக்கிறா. பயமாம். உங்களைப் பாத்து, இந்தப் பிள்ளையும் பயந்து போய்த்தான் இருக்குது எண்டும் சொல்லுறா." கடலுக்கு நான் பயப்படவில்லை. கதவுக்குத்தான் பயந்தேன்.

அடுத்த இடியை மாஸ்ரர், விழா நடக்கிற ஊர்காவற்றுறைக்குக் கிட்டப் போனதும் இறக்கினார்.

"ரீச்சர், இன்னொண்டு. நீங்கள் ஒரு பங்கு ஆக்களின்ரை வீட்டிலையும் சாப்பிடக் கூடாது. ஒருத்தற்றை கையாலை ஒரு சோடா வாங்கிக் குடிச்சாலும் மற்ற ஆறு பங்கும் எழும்பி நிக்கும்."

"அப்போ நான் எங்கே சாப்பிடுறது?"

"அதெல்லாம் ஒழுங்கு செய்தாச்சு. நாரந்தனையிலை ஒரு சைவ ஆக்களின்ரை வீடு. அவைக்கு ஆர் வெண்டாலும் ஒண்டுதான், ஆர் தோத்தாலும் ஒண்டுதான்."

வீட்டுக்காரர் புகையிலை பயிரிடுகிறவர். மனைவி பரமேஸ்வரி அக்கா தங்கமான மனுஷி. ஆனால் அவர்கள் ஊர்க் கோயிலில் கொடி ஏறியிருந்தது. திருவிழா முடியும் வரை முட்டைகூட அந்த வாசல் படலையைத் தாண்டாது. தூத்துக்குடியில் காய்ச்சல்காரருக்குத்தான் நாங்கள் மீன் இல்லாத சோறு போடுவோம். நாலு பக்கமும் மீன் துள்ளுகிற தீவில் உட்கார்ந்து, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் சாப்பிட்டேன். ருசிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கிருந்து விழா மைதானத்துக்குப் போனால் ஒரு பெரிய கிடாரத்தில் நண்டும் இறாலும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் கொதிக்கும். பிள்ளைகள் பிலாவிலையைக் கோலி வாங்கிக் குடிப்பார்கள். எனக்கு மட்டும் மாஸ்ரர் தன் கையால் ஒரு கிளாஸ் வெறுந்தேநீர் தருவார். நடுநிலை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் என் வயிற்றுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் பாட்டுப் போட்டி. காலையில் ஏ நாற்பது உயிரை விட்டுவிட்டது. தோட்டத்துக்கு எரு ஏற்றுகிற லாண்ட்மாஸ்ரர் என்ற கைடிராக்டரின் பெட்டியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் என்னை ஏற்றினார்கள். ஊர்வலத்தில் மாதா சுரூபம் போகிற மாதிரி ஆடி ஆடிப் போனேன். வழியில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாட்டு தொடங்க வேண்டிய நேரம் ஒன்பது. பத்தரைக்குத்தான் தொடங்கியது. ஹார்மோனியத்துக்கு ஒரு பங்கு சொந்தம், தபேலாவுக்கு இன்னொரு பங்கு சொந்தம். இருவரும் ஒருவருக்கொருவர் கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பங்குகளிலும் சண்டை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் திருவிழா முடிந்த பிறகு சண்டை போடுவோம். இவர்கள் சண்டையைத் தொடக்கிவிட்டுத்தான் விழாவையே தொடக்குகிறார்கள்.

இடைவேளையில் மரத்தடியில் என் வெறுந்தேநீரோடு இருந்தேன். உயரமான பெண்பிள்ளை ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். இரட்டைப் பின்னல், வெயிலில் கறுத்த முகம். மாஸ்ரர் தூரத்திலிருந்தே கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"பிள்ளை, நடுவரோடை கதைக்கேலாது! போம், போம்!"

"நான் மாக்ஸ் கேக்க வரேல்லை, மாஸ்ரர். ஒரு கேள்விதான். நீங்களும் நிண்டு கேளுங்கோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரீச்சர், நான் மெற்றில்டா. நெடுந்தீவு. பன்ரண்டு வயசிலை இருந்து வாறன். வந்த அஞ்சு வருசமும் நாங்கள்தான் கடைசியாம். ஏழு பங்கிலை ஏழாவது. உண்மையா நாங்கள் அவ்வளவு மோசமோ?"

"ரிசல்ட் வாசிக்கும்போது கேட்டிருப்பியே?"

"நாங்கள் எங்கை கேட்டம்? மூண்டாம் நாள் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வாசிப்பினம். எங்கட வள்ளம் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டாகோணும். பிறகு சோளகக் காத்து எழும்பினா நெடுந்தீவுக்கு ஓடேலாது. விட்டிட்டு விடியப் போவம் எண்டாலும் ஏலாது, ஞாயிறு இருட்டினவுடனை அப்பா வலை ஏத்தவேணும். அது தொழில் வள்ளம். திங்கள், செவ்வாயிலை மீன் ஏத்த வாற ஆக்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 'உங்களுக்குக் கடைசியாம்' எண்டு சொல்லிச் சிரிப்பினம்." அவள் குரல் ஒரு தரம் தடுமாறியது. "எனக்கு இது கடைசி வருசம், ரீச்சர். ஆவணியோடை வயசு போயிடும். வெல்லவேணும் எண்டு சொல்லேல்லை. எத்தனையாவது எண்டு என்ரை காதாலை ஒருக்கா கேக்கவேணும்."

அவள் போனதும் மாஸ்ரரிடம் அந்தக் கொப்பியைக் கேட்டேன். தயங்கித் தயங்கித் தந்தார். ஐந்து வருடப் பக்கங்களையும் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து. ஆறு பங்குக்கும் மொத்த மார்க் எழுதியிருந்தது. ஏழாவது வரியில், ஐந்து வருடமும் ஒரே வாசகம்: நெடுந்தீவு, சமுகமளிக்கவில்லை, ஏழாம் இடம். மார்க் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"சார், இவங்க பாடினாங்க இல்லையா? நடிச்சாங்க இல்லையா?"

"ஓம், ஓம். எல்லாம் செய்தவை."

"நடுவர் மார்க் போட்டாங்களா?"

"போட்டவைதான்."

"அப்புறம்?"

"வாசிக்கேக்கை பங்கின்ரை பேரைக் கூப்பிட, அவை எழும்பி 'இருக்கிறம்' எண்டு சொல்லவேணும். ஆள் இல்லாட்டி கடைசி இடம். அது வழக்கம், ரீச்சர். ஆள் இல்லாத பங்குக்கு மாக்ஸை ஏன் கூட்டவேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் கெட்டுப் போகக் கூடாது என்று கடல் தாண்டி நடுவரைக் கொண்டுவருகிறார்கள். அந்த நடுவருக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கக்கூடப் பயப்படுகிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டிப் பார்க்க ஐந்து வருடமாக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இதை யாரிடம் போய் முட்டிக்கொள்வது? மாஸ்ரர் கெட்டவரும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வழக்கம் என்று சொல்லிவிட்டால் மனிதருக்கு மூளை படுத்துவிடுகிறது.

மூன்றாம் நாள், ஞாயிறு. பூசை முடிந்ததும் நாடகம். எல்லாப் பங்குக்கும் ஒரே கதை கொடுத்திருந்தார்கள்: படகில் போகும்போது புயல் எழும்ப, தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து காற்றையும் கடலையும் அடக்குகிற கதை. ஆக, காலை ஒன்பதிலிருந்து ஏழு புயல் பார்த்தேன். பார்க்க வந்தவர்களோ பாதிக்கு மேல் கடல்தொழிலாளர். ஆறு புயலுக்குக் கரையிலிருந்து புத்தி சொன்னார்கள்.

"டேய், முதல்லை பாயை இறக்கடா! உந்தக் காத்துக்குப் பாயோடையோ ஓடுறது?" என்று ஒருவர் கத்த, மேடையிலிருந்த பேதுரு தாடியை ஒதுக்கிவிட்டு, "பாய் இறக்கிறதுக்கு வசனம் தரேல்லை, பெரியப்பா!" என்று பதில் கொடுத்தான். இன்னொரு பங்கில் அலைக்காகக் கட்டி ஆட்டிய நீலச் சேலை அறுந்து, சீடர்களை மொத்தமாக மூடிவிட்டது. மூன்றாவது நாடகத்தில் யாக்கோபு கைக்கடிகாரம் கட்டியிருந்தான். நேரத்தையும் ஒரு தரம் பார்த்தான்.

நெடுந்தீவுக்குத் திருவுளச் சீட்டில் கடைசி முறை விழுந்திருந்தது. அவர்கள் மேடையில் நீலச் சேலை இல்லை, தாடி இல்லை. ஐந்து பெஞ்சும் ஒரு நீண்ட தடியும் மட்டும். மெற்றில்டா பின்னால் நின்று சுக்கான் பிடித்தாள். அவள் உடம்பு சாய, மற்றவர்கள் அதே பக்கம் சாய, நானும் நாற்காலியில் அதே பக்கம் சாய்ந்திருந்தேன். கரையிலிருந்து ஒருத்தரும் புத்தி சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளையாவது எங்கள் பக்கம் திரும்பவில்லை. அத்தனை பேரும் படகின் முனையைப் பார்த்தபடியே முழுக்கதையையும் நடித்து முடித்தார்கள். இருபது நிமிடமும் நாங்கள் பார்த்தது முதுகு. வசனம் பாதி காற்றோடு போய்விட்டது. மாஸ்ரர் எனக்குத் தந்த மார்க் தாளிலோ 'சபையைப் பார்த்துப் பேசுதல்' என்று தனிக் கட்டம் இருந்தது, பத்து மார்க்குக்கு.

பேனாவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் இரண்டாம் இடம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தப் பிள்ளையின் தடுமாறின குரல் வேறு காதில் நின்றது. ஆனால் அவள் கேட்டது உண்மையை. இரண்டு மார்க் போட்டேன். பாட்டு மார்க்கையும் சேர்த்து மூன்று தரம் கூட்டினேன். மூன்று தரமும் அதே எண்தான் வந்தது.

மணி ஒன்றரை. மாஸ்ரரிடம் போனேன்.

"சார், இப்பவே வாசிக்கணும்."

"ஏலாது, ரீச்சர். யாழ்ப்பாணத்திலை இருந்து பெரிய சுவாமி ஆறு மணிக்குத்தான் வாறார். அவற்றை ஆசீர்வாதம் முடியத்தான் முடிவு. அது வழ..."

"வழக்கம்னு இன்னொரு தரம் சொல்லாதீங்க! மூணு நாளா இந்த வழக்கத்தைத்தான் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வகுப்பில்கூட நான் இப்படிக் கத்தியதில்லை. "மார்க் தாள் என் பையில இருக்கு. நெடுந்தீவு வள்ளம் நிக்கிற இடத்துல நான் வாசிக்கப் போறேன். கேக்கிறவங்க வரலாம். பெரிய சாமியாருக்கு நீங்க ஆறு மணிக்கு மறுபடி வாசிச்சுக் காட்டுங்க."

சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு நிமிடம் என் செருப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு திரும்பிப் பார்த்தால் ஏழு பங்கும் என் பின்னால் வருகிறது. என்மேல் உள்ள அன்பால் இல்லை. முடிவு என் பையில் இருந்தது. என்னை ஏமாற்றிக் கடிதம் எழுதின இளம் சாமியாரும் குடையை விரித்துக்கொண்டு வந்தார். "நான் ஒண்டும் காணேல்லை, ஒண்டும் கேக்கேல்லை, சும்மா காத்து வாங்க வாறன்" என்று மாஸ்ரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

துறையில் பிள்ளைகள் வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். மெற்றில்டாவின் அப்பா கயிற்றை அவிழ்க்கப் போனவர், இவ்வளவு கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றார். "என்ன, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றேன்.

"காத்து நிக்காது, தங்கச்சி. கெதியாச் சொல்லுங்கோ."

வெயில் மண்டையைப் பிளந்தது. தாளைப் பிரித்தேன். கீழிருந்து மேலே வாசிக்கப் போவதாகச் சொன்னேன். ஏழாம் இடத்தை வாசித்தேன். எந்தப் பங்கு என்று இங்கே எழுதப் போவதில்லை, நான் மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டி வரலாம். அந்தப் பங்குக்காரர் வாயைப் பிளந்தார்கள். "என்னண்டு எங்களுக்குக் கடைசி? அப்ப நெடுந்தீவு எங்கை?" என்று ஒருவர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

ஆறாம் இடம். நெடுந்தீவு இல்லை. ஐந்தாம் இடம். அதுவும் இல்லை. மெற்றில்டா வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்காம் இடம், நெடுந்தீவு."

"இருக்கிறம்!" என்று அவள் கத்தினாள். அதற்குப் பிறகு எழுந்த கூச்சலில் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீரில் குதித்தவர்கள் இரண்டு பேர். அப்பா தலையில் கட்டிய துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றையும் இரண்டையும் நான் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. முதலாம் இடத்துப் பையன்கள் என்னிடம் வந்து, "ரீச்சர், வெண்டது நாங்கள்தானே? ஏன் அவை கத்துகினம்?" என்று பரிதாபமாகக் கேட்டார்கள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் மெற்றில்டா கேட்டாள்: "ரீச்சர், எதிலை குறைஞ்சது?"

"எங்க பக்கம் ஒருத்தரும் திரும்பலியே அம்மா. இருபது நிமிஷமும் முதுகைத்தான் பார்த்தோம்."

"கடலிலை ஆராவது கரையிலை நிக்கிற ஆக்களைப் பாத்துக்கொண்டோ வள்ளம் ஓட்டுறது?" என்றாள். கூட்டத்தில் பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள்.

அப்பா எஞ்சினை முடுக்கினார். வள்ளம் ஒரு முழம் விலகியதும் அவள் முகம் சட்டென்று மாறியது. எதையோ கணக்குப் பார்க்கிற முகம்.

"மாஸ்ரர்!" என்றாள். "அப்ப மற்ற அஞ்சு வருசமும் நாங்கள் எத்தனையாவது?"

மாஸ்ரர் கொப்பியைத் திறந்தார், மூடினார். வெறுமையான கட்டத்தில் எதைப் பார்ப்பார்? எஞ்சின் சத்தத்தில் கேட்காதவர் மாதிரி கையை மட்டும் அசைத்தார். அவள் சுக்கான் பக்கம் போய் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைகள் மட்டும் "நாலு! நாலு!" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

நான் விடவில்லை. "சார், நடுவர்மார் எழுதின அந்தப் பழைய மார்க் தாளெல்லாம் எங்கே? தாங்க, இப்பவே உக்காந்து கூட்டறேன். தபாலில் அனுப்பலாம்."

மாஸ்ரர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

"குசினியிலை இருந்த பெட்டிக்கை போட்டு வைச்சனான், ரீச்சர்" என்றார். "கூழ் காய்ச்சிற பெண்டுகள் அடுப்பு மூட்ட எடுத்திட்டினம்."